பிள்ளை நம்மைப் படிக்கிறது

வெள்ளிக்கிழமை அந்தி நேரம். கூடத்தில் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றி, பஞ்சைத் திரித்துப் போடுகிறார் ஒரு பாட்டி. ஒன்றரை வயதுப் பேரன் தத்தித் தத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். தீக்குச்சி உரசும் சத்தம், சுடர் நிமிர்வது, பாட்டி கண்மூடிக் கை குவிப்பது எல்லாவற்றையும் பார்க்கிறான். சுடரைப் பார்த்த கண் மறுபடி பாட்டியின் முகத்துக்கே போகிறது. அங்கே என்ன நடக்கிறது என்று தேடுவதுபோல அந்த முகத்திலேயே நிற்கிறது. பிறகு அவனும் கையைச் சேர்க்கிறான். ஒரு கையின் விரல்கள் மற்றதன் மணிக்கட்டில் போய் முட்டுகின்றன. கும்பிடு என்று யாரும் சொல்லவில்லை.

அதே வாரத்தில் ஒரு பகல் வேளை, தேங்காய் பறிக்க வந்தவர் மரத்திலிருந்து இறங்கித் தண்ணீர் கேட்கிறார். பேரனை இடுப்பில் வைத்தபடியே பாட்டி கொல்லைக் கதவுக்கு வருகிறார். கூடத்தில் இருக்கும் செம்பை அவர் எடுப்பதில்லை. கொல்லைச் சுவரின் மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரை எடுத்து, அதில் படாமல் உயரத் தூக்கித் தண்ணீர் ஊற்றுகிறார். அதில் கோபமோ கடுஞ்சொல்லோ கிடையாது. "வெயில் அதிகமா இருக்கேப்பா" என்று பரிவாகவும் கேட்கிறார். இடுப்பிலிருக்கும் குழந்தை செம்பைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்க்கிறது. பாட்டியின் கை எந்த உயரத்தில் நின்றது என்பதையும் பார்க்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்கும்போதுதான் கல்வி எங்கே தொடங்குகிறது என்பது எனக்கு விளங்குகிறது. விளக்கின் முன் கற்ற பக்தியும் கொல்லைக் கதவில் கற்ற விலக்கலும் ஒரே மனத்துக்குள் ஒரே அமைதியோடு போய்ச் சேருகின்றன. சாணி மெழுகிய ஈரத் தரையில் குழந்தையின் காலும் பதியும், கோழியின் காலும் பதியும். தரை ஒன்றை ஏற்று ஒன்றைத் தள்ளுவதில்லை.

மனத்தின் இந்த இயல்பைப் பற்றி ஆழமாகப் பேசிய ஒரு நூல் நம் சென்னையில்தான் முதலில் அச்சேறியது. 1949இல் அடையாறு பிரம்மஞான சபையின் பதிப்பகம் வெளியிட்ட 'தி அப்சார்பன்ட் மைண்ட்' அது. எழுதியவர் மரியா மாண்டிசோரி. 1939 நவம்பரில், சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்ததன் பேரில், 69 வயதில் மகன் மரியோவோடு அடையாறுக்கு வந்தவர் அவர். நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் 300க்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற வந்து கூடினார்கள். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஒரே இரவில் அவர் இந்த மண்ணை ஆண்டவர்களுக்கு எதிரி நாட்டவர் ஆகிப்போனார். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். தாய் அடையாறு வளாகத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். அந்த ஆகஸ்டில், அவருடைய 70ஆவது பிறந்தநாளை ஒட்டி, மகனை விடுவித்து அனுப்பினார்கள். பிறகு 1942 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கொடைக்கானல் வாசம். 1946இல்தான் அவரால் ஐரோப்பா திரும்ப முடிந்தது.

சிறை என்று சொல்ல முடியாத அந்தச் சிறையில் அவர் என்ன செய்தார் என்று எண்ணிப் பார்க்கிறேன். கொடைக்கானலில் ஒரு சின்னப் பள்ளியை நடத்தினார். இலையையும் பூச்சியையும் கூழாங்கல்லையும் பிள்ளைகள் எடுத்துவந்து காட்டக் காட்ட, அவற்றிலிருந்தே பாடத்தை வளர்த்தார். இந்தப் பேரண்டத்தில் ஒவ்வோர் உயிரும் தனக்கென ஒரு வேலையைச் செய்துகொண்டே எல்லா உயிருக்கும் தொண்டு செய்கிறது என்ற எண்ணம் அங்கேதான் அவருக்குள் முழு உருவம் பெற்றது. உலகம் தன்னைத்தானே எரித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், பகை நாட்டவர் என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு முதிய பெண், மலைமேல் உட்கார்ந்து உயிர்களின் ஒருமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இதைத் தவம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தை பாடம் படிப்பதுபோல எதையும் படிப்பதில்லை என்றார் அவர். சுற்றியிருப்பதை அப்படியே உள்வாங்கி, அதைக்கொண்டே தன்னைச் செய்துகொள்கிறது. திருநெல்வேலியில் வளரும் பிள்ளை திருநெல்வேலிப் பேச்சின் இழுப்போடு பேசுகிறது. நாகர்கோவிலில் வளர்ந்தால் அதன் ஏற்ற இறக்கத்தோடு பேசுகிறது. எந்தத் தாயும் வேற்றுமை உருபு சொல்லிக் கொடுத்ததில்லை. பேச்சைப் போலவேதான் வழிபாடும் வெறுப்பும், எதைக் கண்டு கூச வேண்டும், யார் முன் எழுந்து நிற்க வேண்டும் என்பதும். இந்தியாவில் உயிர்கள்மேல் மக்களுக்கு இருந்த மதிப்பு அவரை வெகுவாகத் தொட்டது. வளர்ந்தபின் இங்கே வரும் ஒருவர் அந்த மதிப்பு சரியானது என்று அறிவால் ஒப்பலாம். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்குள் அது இருக்கிற விதமாக அவருக்குள் ஒருநாளும் வராது என்று அவர் கண்டார். எறும்பு தின்னட்டும் என்று அரிசிமாவில் கோலமிடும் தாயின் பக்கத்தில் குந்தியிருக்கும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் பெருமைப்பட்டு நின்றுவிட முடியாத இடமும் இதுதான். எறும்புக்கு இரங்கக் கற்ற அதே மனம் மாடத்து டம்ளரையும் கற்றுக்கொண்டது. பண்பாடு என்று நாம் பெருமையோடு சொல்வதில் இரண்டுமே இருக்கின்றன. எதை ஊட்டினோம் என்று பெற்றோருக்குத் தெரியும். எது பதிந்தது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. பிள்ளை முப்பது வயதை எட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொருவரை நிற்கவைத்துப் பேசும்போதுதான் அது வெளியே வருகிறது.

நாம் பிள்ளையைப் பார்க்கும் பார்வையும் இப்படித்தான் அதற்குள் பதிகிறது. மாண்டிசோரியின் முதல் பள்ளி 1907 ஜனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தொடங்கியது. பெற்றோர் வேலைக்குப் போன பகலில் மாடிப்படியிலும் சந்திலும் திரிந்த பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். அடங்காதவர்கள், சுவரைக் கிறுக்கி நாசம் செய்பவர்கள் என்று பெயர். ஒருநாள் மாண்டிசோரி நான்கு மாதக் கைக்குழந்தையொன்றைத் துணியில் சுற்றி வகுப்புக்குள் எடுத்துவந்தார். அது எவ்வளவு அசையாமல் இருக்கிறது பாருங்கள் என்றார். பிள்ளைகள் பார்த்தார்கள். தங்கள் கால்களை ஒட்டி வைத்துக்கொண்டார்கள். அது மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லையே என்றார். அவர்கள் மூச்சையும் மெல்ல விட்டார்கள். அறையில் அதுவரை யாரும் கேட்டிராத கடிகாரத்தின் ஓசை கேட்கத் தொடங்கியது.

பின்னாளில் இது ஒரு பழக்கமாகவே ஆனது. பிள்ளைகள் அசையாமல் அமர்ந்திருப்பார்கள். மாண்டிசோரி அடுத்த அறையில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் காற்றோடு காற்றாகக் கிசுகிசுப்பார். பெயர் கேட்ட பிள்ளை எழுந்து, நாற்காலி ஓசைப்படாமல், நுனிக்காலில் நடந்து அவரிடம் போகும். நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். கடைசிப் பெயர் வரும்வரை காத்திருப்பவர்களும் அசைவதில்லை. இவ்வளவு பொறுமைக்குப் பரிசு தரவேண்டும் என்று எண்ணி அவர் மிட்டாய் வாங்கிவந்தார். பிள்ளைகள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த மிட்டாயை ஏன் வேண்டாம் என்றார்கள் என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன். அடங்காதவர்கள் என்று ஊரே பார்த்த பிள்ளைகளை ஒருவர் அப்படிப் பார்க்கவில்லை. உன்னால் முடியும் என்று அவர் சொல்லவும் இல்லை. முடியும் என்ற நம்பிக்கையோடு பெயரைச் சொல்லி அழைத்துவிட்டுக் காத்திருந்தார். தன் பெயரை அவ்வளவு மென்மையாக, அவ்வளவு கவனத்தோடு ஒருவர் உச்சரிப்பதை அந்தப் பிள்ளை அதற்குமுன் கேட்டிருக்குமா? கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்ட இடத்தில் மிட்டாய்க்கு வேலை இருக்கவில்லை.

நம் சிவாலயங்களில் தெற்குச் சுவரில் கல்லாலின் கீழ் அமர்ந்திருப்பவரும் மௌனத்தில் கற்பிப்பவர்தான். எதிரே இருப்பவர்கள் வயதில் முதியவர்கள், குருவோ இளையவர். ஒரு சொல்லும் சொல்லாமல் அவர்களின் ஐயம் தீர்ந்தது என்பது நாம் காலங்காலமாகக் கேட்டுவரும் கதை. அந்தச் சந்நிதிக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலை, பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வுக்கு முந்தின வாரத்தில் நின்று பாருங்கள். கொண்டைக்கடலை மாலைக்குக் கீழே தட்டுகள் வரிசையாக இருக்கும். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலைக்கு நடுவே ஹால் டிக்கெட், புதிதாக வாங்கிய இரண்டு பேனா. குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். அம்மா சொல்லிவிட்டு, "நல்ல மார்க் வரணும் சாமி, போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது" என்று சேர்த்துச் சொல்கிறாள். அம்மாவின் அன்பில் குறையே இல்லை. விடியுமுன் எழுந்து தலைக்குக் குளித்து வந்திருக்கிறாள். பையன் சந்நிதியைப் பார்க்கவில்லை. அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மௌனகுருவின் முன்னால் நின்று அவன் அன்று கற்றுக்கொண்டது பயத்தை.

பயம் கற்கும் மனத்தை என்ன செய்கிறது என்பதை உளவியல் அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். ஒரு கணக்கைப் போட மனத்துக்குள் கொஞ்சம் இடம் வேண்டும். இதை இங்கே வை, அதை அங்கே மாற்று, விட்டதைப் பிடி என்று எண்ணம் நடமாட ஒரு முற்றம் வேண்டும். அந்த முற்றம் எல்லோருக்குமே சிறியது. 'நான் தோற்றால் இவர்கள் என்ன நினைப்பார்கள்' என்ற ஒரே எண்ணம் வந்து அதில் உட்கார்ந்துவிட்டால், கணக்குக்கு இடமில்லாமல் போகிறது.

உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனையை இந்த இடத்தில் சொல்லாமல் கடக்க என்னால் முடியாது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள். மேல்சாதியினர் என்று வழங்கப்படுவோர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேர். ஆறு ஆறு பேராக உட்காரவைத்துத் தாளில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளைக் கொடுத்தார்கள். உள்ளே நுழைந்து வெளியே வரும் வழியைப் பென்சிலால் கண்டுபிடிக்க வேண்டும். தீர்க்கும் ஒவ்வொன்றுக்கும் காசு உண்டு. சாதியைப் பற்றி எதுவும் பேசாத குழுக்களில் இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தீர்த்தார்கள். வேறு சில குழுக்களில் தொடங்குமுன் ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லோர் காதிலும் விழும்படி வாசித்து, சரிதானா என்று கேட்டார்கள். பையன் தலையாட்டினான். அதன்பிறகு அதே புதிர்த் தாளில் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் தெளிவாகப் பின்தங்கினார்கள். இந்த ஆய்வு 2006இல் அமெரிக்கப் பொருளியல் இதழொன்றில் வெளியானது.

அந்தத் தலையாட்டலில் நின்றுவிடுகிறது என் மனம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒரு வரி வாசிக்கப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த வரிக்குள் அவன் ஊரின் தெருக்கள் எல்லாம் இருந்தன. எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கலாம், யார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், அப்பா யார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டினார் என்பதெல்லாம் இருந்தன. பென்சில் பிடித்த கை அவனுடையது. அதன்மேல் அத்தனை பேரின் பார்வையும் வந்து கனத்தது. சாதி வாசிக்கப்படாத குழுவில் உட்கார்ந்திருந்தால் அதே பிள்ளை, அதே கை, அதே புதிர். இந்தப் பாவத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இது பாவம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஓர் உயிருக்குள் இருக்கும் வெளிச்சத்தை இன்னோர் உயிர் மறைப்பதைவிடப் பெரிய பாவம் எதுவாக இருக்க முடியும்?

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் 1980களில் ஆய்வாளர்கள் கண்டதும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. தெருவில் தேங்காய் விற்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் ஒரு காய் 35 என்றால் பத்துக் காய் எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்று காய்க்கு 105, இன்னொரு மூன்றுக்கு 210 என்று கூட்டிக்கொண்டே போய், இன்னும் நான்கு வேண்டுமே என்று சற்று நின்று, 315ஐத் தொட்டு, 350 என்றான். ஆய்வில் இருந்த ஐந்து பிள்ளைகளும் வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னார்கள். அதே பிள்ளைகளிடம் அதே மாதிரிக் கணக்கைத் தாளில் வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தபோது சரியானவை நூற்றுக்கு 37தான். அந்தப் பிள்ளைகளின் அறிவு தெருவில் இருந்தது. பள்ளி அதை அழைக்கவே இல்லை. நம் பூக்கடையிலும் மீன் சந்தையிலும் அம்மாவுக்கு உதவும் பிள்ளைகள் எத்தனை பேர் வகுப்பில் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து இருக்கிறார்கள்?

இப்படி உள்ளே பதிந்துவிட்டதிலிருந்து வளர்ந்தபின் மீள வழி உண்டா? ஆறு வயதுக்குள் பதிந்தது பதிந்ததுதான் என்றால் மனிதனுக்கு விடுதலையே இல்லையே. இதைக் கேட்டுக்கொள்ளும்போது என் நினைவு கும்பகோணத்துக்குப் போகிறது.

1880ஆம் ஆண்டு. உ.வே. சாமிநாதையருக்கு வயது இருபத்தைந்து. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவ்வாண்டுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார். திருவாவடுதுறை மடத்தின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கற்றவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று படித்தவை ஏராளம். அந்த அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியார் என்ற நீதிபதியைப் பார்க்கப் போனார். முதலியார் கேட்டவை சிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும். அவற்றைச் சாமிநாதையர் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை. சைவச் சூழலில் வளர்ந்த கல்வி எவ்வளவு பரந்ததோ அவ்வளவுக்கு ஒரு வேலியும் அதற்கு இருந்தது. வேலி இருப்பதே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தது.

சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். சொல்லிலக்கணம் தெரிந்த அவருக்குச் சமணக் கருத்துகள் பிடிபடவில்லை. அப்போது கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழும் தெரு இருக்கிறது என்று தெரியவந்தது. அங்கே போனார். போன வீட்டு வாசலில் தோரணமும் கோலமுமாக இருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தார். பல நாட்களாகச் சிந்தாமணி பாராயணம் நடந்தது, இன்று நிறைவடைந்தது என்றார்கள். ஊரில் கற்றோர் பலருக்கும் பெயரளவில்கூடப் பழகாத நூல், நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் வழிபாட்டுப் பொருளாக உயிரோடு இருந்திருக்கிறது. நெற்றியில் திருநீற்றோடு அந்த வீட்டில் உட்கார்ந்து அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். கல்லூரி ஆசிரியர், புகழ்பெற்ற குருவின் மாணாக்கர், மாணவராகிக் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

அந்தப் பணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றுவது இதுதான். அவருடைய குருவைச் சுற்றி உட்கார்ந்து பாடம் கேட்டவர்களில் சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர், நாகூர் குலாம்காதிறு நாவலர் முஸ்லிம். உண்ணும் பந்தி அவரவர்க்குத் தனியாகவே இருந்த காலம் அது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாடம் கேட்கும் இடத்தில் பிள்ளையவர்களின் பார்வை எல்லோர் மேலும் ஒன்றுபோல விழுந்தது. 1876 பிப்ரவரி 1ஆம் நாள் அவர் உயிர் பிரியும் வேளையில் அவரைத் தம்மேல் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை. அருகிலிருந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதையர். குரு எதைப் பாடமாகச் சொன்னாரோ அதற்கு ஓர் எல்லை இருந்தது. குரு எப்படி இருந்தாரோ அது அந்த எல்லையைத் தாண்டி மாணவனைக் கூட்டிக்கொண்டு போனது. சமணர் வீட்டு வாசலை மாணவன் கூச்சமில்லாமல் மிதித்ததற்கு வேறு காரணம் தேட எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே மீட்சி உண்டு. நமக்குள் பதிந்ததைக் கண்கொண்டு பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் தளர்கிறது. தியானத்தில் அமர்பவர்கள் தம் மூச்சைக் கவனிப்பதுபோல, மற்றவரைப் பார்க்கும்போது நம் முகத்தில் என்ன ஓடுகிறது என்பதையும் கவனிக்கலாம். ஒரு பெயரைக் கேட்டதும் புருவம் தானாக ஏறுகிறதா? ஒரு தெருவின் பெயர் சொன்னதும் குரல் மாறுகிறதா? இது கடினமான சாதனை. அரைமணி நேரம் கண்மூடி உட்காருவதைவிடக் கடினம். ஏனென்றால் நாம் நல்லவர்கள் என்று நமக்கிருக்கும் நம்பிக்கையை அது தொடுகிறது. அந்தப் பாட்டியும் நல்லவர்தான்.

இதற்கு இடமும் வேண்டும். மனம் தனியாக மாறுவதில்லை. மாறிய மனிதர்கள் நடுவில் இருந்தால் எளிதாக மாறுகிறது. 1867இல் வடலூரில் வள்ளலார் தரும சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே போகிறவர்கள் சாதி, சமயம் கேட்கப்படாமல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரு பிள்ளையை அந்த வரிசையில் உட்காரவைத்துப் பாருங்கள். பக்கத்தில் யார் என்று அது கேட்பதில்லை. சாம்பார் வாளி வருகிறதா என்று பார்க்கிறது. சமத்துவம் என்ற சொல்லைக் கேட்குமுன்பே அது பிள்ளைக்குள் போய்விடுகிறது. கொல்லைக் கதவில் டம்ளர் எந்த வழியாக உள்ளே போனதோ, அதே வழியாகத்தான்.

நம் பள்ளிகள் அப்படி ஓர் இடமாக இருக்கின்றனவா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை, அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அந்தப் பையன்கள் அரிவாளைப் பாடப்புத்தகத்திலிருந்து கற்கவில்லை. அவர்களைச் சுற்றியிருந்த பெரியவர்களின் பேச்சிலிருந்தும் மௌனத்திலிருந்தும் உள்வாங்கினார்கள். அதன்பின் அரசு அமைத்த ஒருநபர் குழுவின் அறிக்கையை நீதிநாயகம் கே. சந்துரு 2024 ஜூனில் அளித்தார். அதன் பரிந்துரைகளில் சில பார்வைக்கு மிகச் சிறியவை. வகுப்பு வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது. எந்த மாணவரையும் சாதியைச் சொல்லியோ சுட்டியோ ஆசிரியர் அழைக்கக் கூடாது. உதவித்தொகை பற்றிப் பேச வேண்டுமானால் மாணவரைத் தனியே தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துப் பேச வேண்டும். வகுப்பில் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும்.

உத்தரப் பிரதேசக் கிராமத்தில் வாசிக்கப்பட்ட அந்த ஒரு வரியை நினைத்துக்கொண்டு இவற்றைப் படித்தால் இவை சிறியவையாகத் தெரியாது. "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்திருங்க" என்று வகுப்பு நடுவில் ஒலிக்கும் குரலுக்குப் பின்னால் எந்தத் தீய எண்ணமும் இல்லாமல் இருக்கலாம். படிவம் நிரப்ப வேண்டும், நேரம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் எழுந்து நின்ற பிள்ளைக்கு அடுத்த பாடவேளையில் கணக்கு இருக்கிறது. உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோரே பெரும்பான்மை. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். உதவித்தொகைப் படிவத்தை இந்தப் பள்ளியில் எங்கே வைத்து நிரப்புகிறார்கள், பெயரை எப்படி அழைக்கிறார்கள், பிள்ளைகளை எந்த வரிசையில் உட்காரவைக்கிறார்கள் என்று கேளுங்கள். கோபப்படாமல், ஆசிரியரைக் குற்றம் சாட்டாமல் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அதற்கடுத்த கூட்டத்திலும் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் பெயர் அந்த உதவித்தொகைப் பட்டியலில் இல்லையென்றால் நீங்கள் கேட்பது இன்னும் அவசியம்.